முதலில் வரிசை, பிறகு வர்ணம்

சில ஆண்டுகளுக்கு முன் சென்னையிலிருந்து தில்லிக்குச் சென்ற இரவு விமானம் ஒன்றில் என் பக்கத்து ஆசனத்தில் வந்து அமர்ந்தவர், சீருடையின் மேல் சாதாரணக் கம்பளிச் சட்டை ஒன்றை மாட்டித் தோளிலிருந்த நான்கு பொற்கோடுகளை மறைத்திருந்தார். ஆயினும் அவர் விமானி என்பதைக் கண்டுகொள்ள அதிக நேரம் ஆகவில்லை. விமானம் ஓடுபாதையில் வேகமெடுத்தபோது, மற்றவர்களெல்லாம் ஜன்னலைப் பார்க்க, அவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு இயந்திரத்தின் ஓசையையே கேட்டுக்கொண்டிருந்தார். விளக்குகளை அணைப்பதற்கு முன், சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாள். அதில் அந்த மாதத்து நாட்களைக் கட்டம் கட்டமாக வரைந்து, ஏழு கட்டங்களுக்கு மட்டும் பச்சை வர்ணம் பூசியிருந்தது. நான் பார்ப்பதைக் கவனித்தவர், "என் பெண் போட்டது, சார். பச்சை என்றால் அப்பா வீட்டில் இருக்கும் நாள்" என்றார்.

பேச்சு வளர்ந்தது. அவர் வேலை பார்த்த கம்பெனி அதைவிடப் பெரிய கம்பெனி ஒன்றோடு இணைக்கப்பட்டதாகவும், அதற்கு முன் மீனம்பாக்கத்தில் இறங்கினால் கால் மணி நேரத்தில் நங்கநல்லூர் வீட்டுக்குப் போய்விட முடிந்ததாகவும், இணைப்புக்குப் பின் சென்னையில் இருந்த 'பேஸ்' என்னும் பணித்தளம் சுருக்கப்பட்டுத் தம் பெயர் தில்லிக்குப் போய்விட்டதாகவும் சொன்னார். மனைவிக்குச் சென்னையில் ஆசிரியை உத்தியோகம். தாயாருக்கு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. ஆகவே குடும்பம் இங்கே, வேலை அங்கே. மறுநாள் முற்பகல் தில்லியிலிருந்து அவர் விமானம் ஓட்ட வேண்டும். கம்பெனி தன் காரியத்துக்காக ஒரு விமானியைப் பிரயாணியாக அனுப்பினால் அந்த நேரம் பணிநேரமாகக் கணக்கிடப்படும்; ஆனால் வீட்டிலிருந்து தம் பேஸுக்குச் சொந்தமாக வந்து சேர்கிறவருக்கு அப்படி இல்லை. "இது கணக்கில் வராத பிரயாணம், சார்" என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை மறுபடி மடித்து வைத்துக்கொண்டார்.

கணக்கில் வராத அந்தப் பிரயாணத்தைப் பற்றி நான் அதன்பின் பலமுறை யோசித்திருக்கிறேன். இரண்டு விமானக் கம்பெனிகள் ஒன்றாகும்போது, பங்குகளின் விலை, கடன்களின் பொறுப்பு, விமானங்களின் எண்ணிக்கை, புதிய பெயர், வால்பகுதியில் தீட்ட வேண்டிய வர்ணம் ஆகிய யாவும் நுட்பமாகக் கணக்கிடப்படுகின்றன. அந்த விமானங்களை ஓட்டுகிறவர்களின் வரிசை, சம்பளம், வாசஸ்தலம், அவர்கள் பழகிய இயந்திரம் ஆகிய நான்கு மட்டும் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒதுக்கப்படுகின்றன. அப்படி ஒதுக்கப்பட்ட இடங்களிலெல்லாம் இணைப்பு காகிதத்தில் முடிந்து மனத்தில் முடியாமல் ஆண்டுக்கணக்கில் புண்ணாக இருந்து வந்திருக்கிறது என்பதும், இந்த நான்கையும் இணைப்பு நாளுக்கு முன்பே தீர்க்கும்படி சட்டமே கட்டாயப்படுத்த வேண்டும் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

விமானிகளின் வாழ்க்கையில் 'சீனியாரிட்டி' என்ற பட்டியலுக்கு உள்ள ஸ்தானத்தை வெளியார் எளிதில் உணர முடியாது. துணை விமானியாக இருப்பவர் எப்பொழுது 'கமாண்டு' பெற்றுக் கேப்டன் ஆவார், சிறிய விமானத்திலிருந்து பெரிய விமானத்துக்கு எப்பொழுது போவார், எந்த ஊர் அவருக்குப் பேஸ், தீபாவளிக்கு விடுப்பு யாருக்கு, ஆட்குறைப்பு வந்தால் முதலில் வெளியேறுகிறவர் யார் என்பனவற்றையெல்லாம் பெரிய கம்பெனிகளில் அந்தப் பட்டியலே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஒரு வைத்தியரோ என்ஜினீயரோ ஓரிடத்தை விட்டு மற்றோரிடம் போனால் தம் அனுபவத்தையும் மதிப்பையும் கூடவே எடுத்துச் செல்லலாம். அமெரிக்காவிலோ, இருபது ஆண்டுகள் கேப்டனாக இருந்தவரும் வேறு கம்பெனியில் சேர்ந்தால் அங்குள்ள பட்டியலின் கடைசி வரியிலிருந்தே தொடங்க வேண்டும். ஆகவே விமானிக்கு அந்தப் பட்டியலில் உள்ள எண், உழவனுக்குப் பட்டாவைப் போன்றது.

இரண்டு பட்டியல்களை ஒன்றாக்குவது ஏன் இத்தனை கடினம் என்பதை நம் ஊர் ரேஷன் கடையைக் கொண்டே விளக்கிவிடலாம். ஒரு தெருக் கடையில் விடியற்காலை நான்கு மணிக்கே கூட்டம் சேர்ந்து, நாற்பது பேர் கையில் மண்ணெண்ணெய்த் தகரங்களோடு நிற்கிறார்கள். அடுத்த தெருக் கடையில் ஆறு மணிக்கு மேல் வந்த பத்துப் பேர்தான் நிற்கிறார்கள். திடீரென்று அதிகாரி வந்து, இரண்டாவது கடையை மூடிவிட்டோம், எல்லோரும் ஒரே வரிசையாக நில்லுங்கள் என்கிறார். நான்கு மணிக்கு வந்து இருபதாவது ஆளாக நிற்கும் கிழவி, "நான்தானே முதலில் வந்தேன், நேரத்தைப் பார்த்து நிறுத்துங்கள்" என்கிறாள். அடுத்த கடையில் மூன்றாவதாக நின்ற இளைஞனோ, "இன்னும் இரண்டு பேர் போனால் என் தகரம் நிறைந்திருக்குமே, நான் ஏன் நாற்பது பேருக்குப் பின்னால் போக வேண்டும்?" என்கிறான். இருவர் சொல்வதும் நியாயந்தான்; ஒருவருடைய நியாயத்தை முழுவதும் ஏற்றால் மற்றவருக்கு அநியாயம் விளைகிறது. விமானிகளின் இணைப்புத் தகராறு முழுவதும் இந்த ஒரே முடிச்சில் அடங்கியிருக்கிறது. பணியில் சேர்ந்த தேதி பெரிதா, அவரவர் கம்பெனியில் அடைந்திருந்த நிலை பெரிதா என்பதே கேள்வி.

அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டு யுஎஸ் ஏர்வேஸ், அமெரிக்கா வெஸ்ட் என்ற இரு கம்பெனிகள் ஒன்றானபோது இந்த முடிச்சு அவிழவேயில்லை. முன்னது கிழக்குப் பகுதியின் பழைய ஸ்தாபனம். அங்கே விமானிகள் நீண்ட சேவை உடையவர்கள், ஆனால் ஆட்குறைப்பால் பலர் வெளியே நின்றார்கள். பின்னது மேற்குப் பகுதியின் இளைய ஸ்தாபனம். அங்கே சேவை குறைவு, ஆனால் வேலை கையில் இருந்தது. மத்தியஸ்தரான ஜார்ஜ் நிக்கலாவ் 2007 மே மாதம் தந்த தீர்ப்பின்படி, பதினேழு ஆண்டுகளுக்கு முன் பணியில் சேர்ந்த கிழக்குப் பகுதி விமானி, அண்மையில் சேர்ந்த மேற்குப் பகுதி விமானிக்கு அருகில் நிற்க நேர்ந்தது. கிழக்கத்தியார் பொங்கினார்கள், எண்ணிக்கையில் பெரியவர்களான அவர்கள் பழைய சங்கத்தை உதறிப் புதிய சங்கம் கண்டார்கள், வழக்குகள் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறின. கம்பெனி ஒன்று, பெயர் ஒன்று, வர்ணம் ஒன்று. விமானிகள் மட்டும் இரண்டு ஜாதியாக ஆண்டுக்கணக்கில் பிரிந்தே பறந்தார்கள். 2013ல் அந்தக் கம்பெனியும் அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு கலந்து, 2016ல்தான் முடிவான பட்டியல் ஒன்று பிறந்தது. கல்யாணம் நடந்து பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு இலை போட்ட கதை இது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1932 அக்டோபர் 15ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து ஆமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு ஒரு சிறு விமானத்தை ஓட்டி வந்தார். அங்கிருந்து அதே தபாலை நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். டாட்டாவின் வான்வழிச் சேவையின் முதல் கோட்டுக்கு ஒரு முனை நம் சென்னையாகவே இருந்தது. 1953ல் சர்க்கார் இத்தொழிலைத் தேசியமயமாக்கியபோது வெளிநாட்டுச் சேவைக்கு ஏர் இந்தியா என்றும், எட்டுக் கம்பெனிகளைச் சேர்த்து உள்நாட்டுச் சேவைக்கு இந்தியன் ஏர்லைன்ஸ் என்றும் இரண்டு ஸ்தாபனங்கள் ஏற்பட்டன. அரை நூற்றாண்டுக்கு மேலாக அவை ஒரே வீட்டுப் பிள்ளைகளாயினும் தனித்தனி அடுப்பில் சமைத்து வந்தன. ஒன்றின் விமானிகளுக்கு இந்தியன் பைலட்ஸ் கில்டு, மற்றொன்றின் விமானிகளுக்கு இந்தியன் கமர்ஷியல் பைலட்ஸ் அசோசியேஷன். சம்பளத்தின் அமைப்பு வேறு, பதவி உயர்வின் வேகம் வேறு, பழக்க வழக்கங்களும் வேறு.

2007ல் இவ்விரண்டும் ஒன்றாக்கப்பட்டன. அதற்குச் சற்று முன்னரே ஏர் இந்தியா 68 போயிங் விமானங்களுக்கும், இந்தியன் ஏர்லைன்ஸ் 43 ஏர்பஸ் விமானங்களுக்கும் ஒப்பந்தம் செய்திருந்தன. போயிங்குகளில் 27 ட்ரீம்லைனர் என்னும் புத்தம் புதிய ரகம். இங்கே வாசகர் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். போயிங்கையும் ஏர்பஸ்ஸையும், இரண்டும் பஸ்தானே என்று ஓட்டுநர் மாறி அமர்வதுபோல, விமானி மாறி அமர்ந்து ஓட்டிவிட முடியாது. ஒன்றில் இரு கைகளாலும் பிடிக்கும் சக்கரத்தண்டு எதிரே நிற்கிறது; மற்றதில் பக்கவாட்டில் ஒரு சிறு பிடி; இரண்டின் தத்துவமே வேறு. ஒவ்வொரு ரகத்துக்கும் தனியாக 'டைப் ரேட்டிங்' பெற, வகுப்பிலும் சிமுலேட்டரிலும் வாரக்கணக்கில் பயின்று, பிறகு அனுபவசாலியின் கண்காணிப்பில் பறந்து தேற வேண்டும். ஆகவே ஒரு கம்பெனி எந்த ரகத்தை வாங்குகிறது, எதை விற்கிறது என்பது விமானிக்கு வெறும் வியாபாரச் செய்தியன்று. அவர் கேப்டன் ஆகும் ஆண்டையும், மாதச் சம்பளத்தையும், சில சமயம் உத்தியோகத்தையுமே அது நிர்ணயிக்கிறது.

கலப்பு நடந்தது, பட்டியல் கலக்கவில்லை. 2011 ஏப்ரல் இறுதியில் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள், ஒரே கம்பெனியில் ஒரே வேலைக்கு இரண்டு சம்பளமா என்று கேட்டுப் பத்து நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன்பின் ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி தர்மாதிகாரி தலைமையில் கமிட்டி அமைந்து, 2012 ஜனவரி இறுதியில் தன் சிபாரிசுகளை அளித்தது. அவை நிறைவேறுவதற்குள், அதே ஆண்டு மே மாதம் மற்ற பக்கத்தார் கிளம்பினார்கள். ட்ரீம்லைனர் எங்கள் பழைய ஏர் இந்தியாவுக்காக வாங்கியது, அதன் பயிற்சியை அந்தப் பக்கத்தாருக்கும் பங்கிட்டால் எங்கள் பதவி உயர்வு என்னவாகும் என்பது அவர்கள் குறை. உடம்பு சரியில்லை என்று சொல்லி வேலைக்கு வராமல் நின்றார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். 58 நாட்கள் கழித்து ஜூலை 3ஆம் தேதிதான் அந்தப் போராட்டம் ஓய்ந்தது. அதுவரை முதல் ட்ரீம்லைனர் இந்திய மண்ணில் வந்து இறங்கவேயில்லை. அது வந்தது செப்டம்பரில். வராத விமானத்துக்காக, இருக்கிற விமானங்கள் இரண்டு மாதம் முடங்கிக் கிடந்த அந்தக் காட்சியைவிட, வரிசையை முன்கூட்டியே தீர்க்காததன் விலையை எடுத்துக்காட்டும் உதாரணம் வேறு வேண்டுமா?

அந்தப் பாடத்தை நாம் முழுவதும் கற்றுக்கொள்ளவில்லை என்பதற்கு 2024 சாட்சி. 2022 ஜனவரியில் ஏர் இந்தியா மறுபடியும் டாட்டா குழுமத்தின் கைக்கு வந்தபின், அக்குழுமத்தின் கம்பெனிகளை ஒன்றுசேர்க்கும் வேலை தொடங்கியது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸுடன் கூட்டாக நடந்துவந்த விஸ்தாராவை ஏர் இந்தியாவோடு இணைக்குமுன், விமானிகளுக்குப் புதிய சம்பள ஒப்பந்தம் கொடுக்கப்பட்டது. முன்பு மாதம் 70 மணி நேரப் பறப்புக்கு நிச்சயமான ஊதியம் இருந்தது. புதிய ஒப்பந்தத்தில் அந்த நிச்சயம் 40 மணியாகக் குறைந்து, அதற்குமேல் பறக்கும் மணிகளுக்குத் தனிக் கணக்கு என்று ஆயிற்று. அதிகம் பறக்கிற மாதத்தில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாமலிருக்கலாம். ஆனால் காய்ச்சலில் கிடந்த மாதம், பயிற்சிக்குப் போன மாதம், கம்பெனியே குறைவாகப் பறக்கவிட்ட மாதம் ஆகியவற்றில் யாருடைய தட்டில் சோறு குறையும் என்பது விமானிக்குத் தெரியும். 2024 ஏப்ரல் முதல் வாரத்தில் விஸ்தாராவின் விமானங்கள் நூற்றுக்கு மேல் ரத்தாயின. துணை விமானிகளின் தட்டுப்பாடு வெளிப்பட்டது. பிறகு நாளொன்றுக்கு 25 முதல் 30 விமானங்களைக் கம்பெனி தானே குறைத்துக்கொண்டது. இணைப்பு நவம்பர் 12ஆம் தேதி நடந்தேறியது என்னவோ உண்மை. ஆனால் கோடை விடுமுறைக்கு டிக்கெட் வாங்கியிருந்த குடும்பங்கள் ஏப்ரலிலேயே அதற்கு விலை கொடுத்துவிட்டன.

விமானிகள் லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்கள், அவர்களுக்காக எதற்கு இத்தனை பரிதாபம் என்று கேட்கிறவர்களை நான் அறிவேன். கேள்வி நியாயமானதாகையால் பதிலும் நேராகவே சொல்ல வேண்டும். சம்பளத்தின் அளவைப் பற்றி இங்கே பேச்சில்லை. வாக்கின் ஸ்திரத்தைப் பற்றியே பேச்சு. பயிற்சிக்கே பல லட்சங்களைக் கடன் வாங்கிச் செலவிட்டு, வீட்டுக் கடனையும் பிள்ளைகளின் படிப்பையும் ஒரு நிச்சயத்தின் பேரில் ஏற்றுக்கொண்டவருக்கு, எத்தொகையானாலும் அந்த நிச்சயம் பாதியில் மாறுமானால் மனக்கிலேசம் உண்டாகும். மற்றத் தொழில்களில் மனக்கிலேசம் வேலை செய்பவரோடு போகும். இந்தத் தொழிலில் அவர் பின்னால் நூற்றெண்பது பேர் கண்ணயர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே பரிதாபப்படச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை; அந்த நூற்றெண்பது பேரில் ஒருவராக இருந்து யோசிக்கும்படியே கேட்கிறேன்.

அப்படி யோசிப்பதற்கு 2009 பிப்ரவரி 12ஆம் தேதி இரவை நினைவுபடுத்திக்கொள்வது அவசியம். நியூயார்க்கை அடுத்த நியூவார்க்கிலிருந்து பஃபலோ நகருக்குப் போன கோல்கன் ஏர் கம்பெனியின் விமானம், இறங்குமுன் நிலைகுலைந்து ஒரு வீட்டின்மேல் விழுந்தது. விமானத்திலிருந்த 49 பேரும் வீட்டிலிருந்த ஒருவரும் மாண்டார்கள். அந்தக் கம்பெனி இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் வேறொரு கம்பெனியால் வாங்கப்பட்டிருந்தது. நியூவார்க்கில் அது ஓட்டத் தொடங்கிய க்யூ400 ரகமும் அதற்குப் புதியது. துணை விமானியின் பேஸ் நியூவார்க். அவர் வசித்ததோ நாட்டின் மறுகோடியான ஸியாட்டில் பக்கத்தில். முதல் நாள் இரவு சரக்கு விமானத்தில் இடம் பிடித்து, இடையில் மெம்பிஸில் இறங்கி ஏறி, விடியற்காலையில் நியூவார்க் வந்து சேர்ந்தவர், ஊழியர் அறையில் தங்கிவிட்டு அன்று பிற்பகல் வேலைக்குப் போனார். அவருக்கு ஜலதோஷமும் இருந்தது என்பதை விமானி அறையின் ஒலிப்பதிவே சொல்லிற்று. விமானம் தூக்குவிசையை இழக்கப்போவதைச் சொல்லும் 'ஸ்டால்' எச்சரிக்கை வந்தபோது கேப்டன் செய்த தவறான காரியமே விபத்துக்குக் காரணம் என்று விசாரணை முடிவு கட்டியது. ஆயினும் களைப்பு அவர்கள் இருவரின் செயல்திறனைக் குறைத்திருக்கக்கூடும் என்பதையும் அது மறைக்கவில்லை. நியூவார்க்கைப் பேஸாகக் கொண்ட அக்கம்பெனியின் விமானிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் வேறு ஊர்களிலிருந்து வந்துபோனவர்கள் என்பதும், அந்தச் சம்பளத்தில் அந்த நகரத்தில் குடியிருப்பது பலருக்கு இயலாத காரியம் என்பதும் அப்பொழுதுதான் ஜனங்களுக்குத் தெரியவந்தன. சம்பளக் குறைவு, தூரத்து வீடு, புதிய இயந்திரம் ஆகிய மூன்றும் ஓர் இரவில் ஒரே விமானத்தில் ஏறியிருந்தன.

இணைப்புகள் இந்தத் தூரத்தை எப்படி வளர்க்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு கம்பெனிகள் ஒன்றானால் இரண்டு தலைமைத் தளங்கள் வேண்டாம் என்ற கணக்கு வருவது இயல்பு. டி.டபிள்யூ.ஏ. கம்பெனியை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2001ல் வாங்கியது. இரண்டே ஆண்டுகளில் டி.டபிள்யூ.ஏ.யின் தளமான செயின்ட் லூயிஸ் நகரத்து விமானப் போக்குவரத்து சுருங்கிப்போயிற்று. நார்த்வெஸ்ட்டை டெல்டா 2008ல் சேர்த்துக்கொண்டது. நார்த்வெஸ்ட்டின் தளங்களில் ஒன்றான மெம்பிஸ் 2013ல் மையமாக இருப்பது நின்றது. நகரம் சுருங்கினால் விமானியின் வீடு கூடவே நகர்ந்துவிடுமா? பிள்ளைகளின் பள்ளிக்கூடம் நகருமா? வீடு நின்ற இடத்தில் நிற்க, மனிதர் மட்டும் காலையும் மாலையும் வானத்தில் அலைகிறார். நம் நாட்டில் விமானிகளின் ஓய்வு விதிகளை விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏ 2024 ஜனவரியில் திருத்தி, வாராந்தர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தியது நல்ல காரியம். அவ்விதிகள் முழுமையாக அமலுக்கு வந்த சில வாரங்களில், 2025 டிசம்பரில், நாட்டின் மிகப் பெரிய விமானக் கம்பெனி ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்துசெய்ய நேர்ந்ததைப் பார்த்தால், எவ்வளவு சிக்கனமாக மனிதரை வைத்துக்கொண்டு எவ்வளவு விமானம் ஓட்டப்படுகிறது என்பது விளங்கும். ஆனால் அந்த 48 மணியில் எத்தனை மணி வீட்டுக்கும் பேஸுக்கும் இடையே கழிகிறது என்பதை எந்த விதியும் கேட்பதில்லை.

தீர்வு இல்லாத வியாதி அன்று இது. டி.டபிள்யூ.ஏ. ஊழியர்கள் பட்டியலின் அடியில் தள்ளப்பட்டதைக் கண்டு, அவர்களுடைய மிஸௌரி மாகாணத்து செனட்டர்களான மெக்காஸ்கில், பாண்ட் இருவரும், கட்சி வேறாயினும் காரியத்தில் ஒன்றுபட்டு, 2007 இறுதியில் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். விமானக் கம்பெனிகள் இணையும்போது இரு பக்கத்துப் பட்டியல்களும் நியாயமான முறையில் சேர்க்கப்பட வேண்டும். பேசித் தீராவிட்டால் நடுநிலை மத்தியஸ்தரின் தீர்ப்புக் கட்டுப்படுத்தும் என்பது அதன் சாரம். டெல்டாவும் நார்த்வெஸ்ட்டும் சேர்ந்தபோது விமானிகளுக்கான கூட்டு ஒப்பந்தம் இணைப்புக்கு முன்பே கையெழுத்தாயிற்று. பங்குகளிலும் அவர்களுக்கு ஒரு பகுதி கொடுக்கப்பட்டது. மத்தியஸ்தர்கள் 2008 டிசம்பரிலேயே பட்டியலைத் தந்துவிட்டார்கள். யாருக்கும் முழுத் திருப்தி இருந்திராது. ஆனால் எல்லோருக்கும் தம் எண் தெரிந்தது, விமானங்கள் பறந்தன. முன்னே சொன்ன பதினோரு ஆண்டையும் இந்தச் சில மாதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும், மேலும் வாதம் அனாவசியம்.

நம்மிடம் அத்தகைய தனிச் சட்டம் இல்லை. இணைப்பு வரும்போது போட்டி ஆணையம் சந்தையைப் பார்க்கிறது. கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் பங்குதாரரையும் கடன்காரரையும் பார்க்கிறது. டிஜிசிஏ இயந்திரத்தையும் லைசென்ஸையும் பார்க்கிறது. விமானிகளின் வரிசையைத் தன் பொறுப்பாக எடுத்துப் பார்க்கும் கண் ஒன்றில்லை. ஆகவே நான்கு காரியங்களைச் சர்க்கார் விதியாக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். முதலாவது, இரு பட்டியல்களையும் ஒன்றாக்கும் முறை, தேவையானால் நடுவர் தீர்ப்போடு, இணைப்பு நாளுக்கு முன் எழுத்தில் அமைய வேண்டும். இரண்டாவது, எந்த விமானியின் நிச்சய ஊதியமும் இணைப்பைக் காரணமாகக் காட்டிக் குறைக்கப்படலாகாது. மூன்றாவது, ஒரு பேஸ் மூடப்பட்டாலும் சுருங்கினாலும் குறைந்தது ஓராண்டு முன்னறிவிப்பும், அதற்குள் இடம்பெயர முடியாதவர்களுக்கு உறுதியான பிரயாண ஆசனமும், பேஸில் தங்க அறையும் கம்பெனி தர வேண்டும். தூரத்திலிருந்து வருகிறவர் ஓய்வெடுத்த பின்பே வேலைக்குப் போகும்படி ரோஸ்டர் அமைய வேண்டும். நான்காவது, ஒவ்வொரு பக்கமும் கொண்டுவந்த விமானங்களுக்கும், வரவேண்டிய விமானங்களுக்கும், குறிப்பிட்ட சில ஆண்டுகள் வரை வேலி போட்டுப் பங்கு பிரித்து, அதன்பின் வேலியை நீக்கிவிட வேண்டும். ட்ரீம்லைனர் வருவதற்கு முன் இப்படி ஒரு வேலி எழுதப்பட்டிருந்தால் அந்த 58 நாட்களுக்கு அவசியமே இருந்திராது.

விமானிகளுக்கும் ஒரு வார்த்தை. உடம்பு நன்றாயிருக்கும்போது உடம்பு சரியில்லை என்று கூட்டமாகச் சீட்டெழுதிக் கொடுப்பது போராட்டமன்று, பொய். திருச்சி விமான நிலையத்து வாசலில், விசா முடிய மூன்று நாள் இருக்கிற நிலையில், கயிற்றால் கட்டிய அட்டைப்பெட்டியின்மேல் உட்கார்ந்து அறிவிப்புப் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் வளைகுடாத் தொழிலாளிக்கு, உங்கள் பட்டியலும் தெரியாது, உங்கள் நிர்வாகமும் தெரியாது. வேலை போய்விடும் என்பது ஒன்றே தெரியும். அவன்மேல் விழும் அடி உங்கள் வழக்கையே பலவீனப்படுத்துகிறது. நடுவரிடம் போகும் பாதையைச் சட்டம் திறந்துவிடுமானால், அந்தப் பாதையில் கிடைக்கும் தீர்ப்பு கசப்பாயிருந்தாலும் விழுங்க நீங்கள் தயாராயிருக்க வேண்டும். ரேஷன் கடைக் கிழவியும் அந்த இளைஞனும் கடைசியில் ஒரே வரிசையில் நின்றுதான் மண்ணெண்ணெய் வாங்கியாக வேண்டும்.

அன்று தில்லியில் இறங்க அரை மணி இருக்கும்போது என் பக்கத்து விமானி தூங்கிப்போயிருந்தார். சக்கரங்கள் தரையைத் தொடும் கணத்துக்குச் சற்றுமுன், ஒருவரும் எழுப்பாமலே அவர் கண்கள் திறந்தன; கைப்பிடியின்மேல் கிடந்த வலது கை, இல்லாத ஒரு விசையை மெல்லப் பின்னால் இழுப்பதுபோல அசைந்தது. வெளியே குளிர் கடுமையாயிருந்தது. விமான நிலையத்தின் ஓரத்தில், இணைந்த கம்பெனியின் விமானம் ஒன்று நின்றது. பழைய பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிய வர்ணம் பூசியிருந்தார்கள். விளக்கொளியில் அது மிக அழகாகவே இருந்தது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பை தோளில் ஏற, மணி என்னவென்று என்னைக் கேட்டார். ஒன்றே கால் என்றேன். ஒன்பது மணி நேரத்தில் அவர் விமானி அறையில் இருக்க வேண்டும். அதற்குள் நகரத்துக்குள் போய், படுத்து, எழுந்து, திரும்ப வேண்டும். அந்த வர்ணத்துக்கு எத்தனையோ கூட்டம் போட்டு, எத்தனையோ நாள் யோசித்திருப்பார்கள். அடுத்த முறையாவது அதற்கு முன்பு அவருடைய எண் என்ன, ஊர் எது, எந்த இயந்திரம் என்பதை எழுதி ஒட்டிவிட்டு, அதன்பின் வர்ணக் குவளையைத் திறக்கட்டும்.